சாலக்குடிக்காரன்: கலாபவன் மணியும் கறுப்பு உடலின் திரை வரலாறும்

(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக ஒரு எழுத்தாளரைப் பற்றியோ ஒரு போராட்டத்தைப் பற்றியோ பேசுவோம். இந்த ஆண்டு ஒரு நடிகரைப் பற்றிப் பேசலாம் என்று நாங்கள் சொன்னபோது அமைப்பின் தோழர்கள் சிலர் தயங்கினார்கள். நடிகர்களுக்குத்தான் ரசிகர் மன்றங்கள் இருக்கின்றனவே, நமக்கெதற்கு அந்த வேலை என்றார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனாலும் நமக்கு ஒரு பழைய கணக்கு தீராமல் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

2002ஆம் ஆண்டு. நாங்கள் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தோம். சரண் இயக்கத்தில் ஏவிஎம் தயாரித்த 'ஜெமினி' அந்த ஆண்டு வெளிவந்தது. விக்ரம் நாயகன். எதிரில் தேஜா என்ற ரவுடியாக, விலங்குகளைப் போல முகத்தை மாற்றிச் சீறியும் உறுமியும் ஒருவர் நடித்திருந்தார். படம் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பிய அன்றிரவே எங்களில் மிகவும் கறுப்பாக இருந்த ஒரு நண்பனுக்கு 'தேஜா' என்று பெயர் வைத்தோம். மூன்று ஆண்டுகள் அந்தப் பெயரிலேயே கூப்பிட்டோம். அவனும் சிரித்தான். வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அவனுடைய சொந்தப் பெயர் இருந்தது.

அந்த விடுதியில் இருந்த அத்தனை பேரும் சேரிப் பிள்ளைகள். ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ள எங்களுக்குக் கிடைத்த சொல், எங்களைப் போன்ற இன்னொருவரின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது. தேஜாவாக நடித்தவர் யார், எந்த ஊர்க்காரர், எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்று அப்போது நாங்கள் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வெகுகாலம் ஆனது. இந்த உரை அந்தத் தாமதத்துக்கான பதில்.

1. மணிக்கு முன்னால் ரோசி

கலாபவன் மணியைப் பற்றிப் பேசுவதற்கு அவர் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போகவேண்டும். மலையாளத்தின் முதல் திரைப்படம் 'விகதகுமாரன்'. அதை எடுத்தவர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் அகத்தீஸ்வரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல். படம் திருவனந்தபுரம் கேப்பிடல் திரையரங்கில் காட்டப்பட்டது 1928 என்றும் 1930 என்றும் இரு கணக்குகள் உண்டு. அதில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோசி. அவர் ஒரு தலித் பெண், கூலி வேலை செய்தவர். தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் காக்காரிசி நாடகத்தில் நடித்து அனுபவம் பெற்றிருந்தவர்.

தலித் பெண் ஒருத்தி நாயர் பெண்ணாகத் திரையில் வருவதை அன்றைய திருவனந்தபுரத்துப் பெருமக்களால் சகித்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய கூந்தலில் இருந்த பூவை நாயகன் முத்தமிடும் காட்சியில் திரையை நோக்கிக் கல் எறிந்தார்கள். தாக்குதல் ரோசி மீதும் திரும்பியது. ஊரைவிட்டு ஓடிய அவர் நாகர்கோவில் பக்கம் வந்து சேர்ந்தார். ஒரு லாரி ஓட்டுநரைத் திருமணம் செய்துகொண்டு ராஜம்மாள் என்ற பெயரில் தமிழ்நாட்டில் வாழ்ந்து மறைந்தார். அவர் நடித்த படத்தின் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை.

டேனியலுக்கும் வாழும் காலத்தில் அங்கீகாரம் கிடைக்கவில்லை. ஆனால் 1992 முதல் கேரள அரசின் உயரிய திரைப்பட விருது அவர் பெயரால் வழங்கப்படுகிறது. ரோசியின் பெயர் பொதுவெளிக்கு வருவதற்கு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. தலித் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் திரைத்துறைப் பெண்களும் விடாமல் பேசியதால்தான் வந்தது.

இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ரோசி தெருவில் புல்லுக்கட்டு சுமந்தபோது யாரும் கல்லெறியவில்லை. அவர் நாடகம் ஆடியபோதும் எறியவில்லை. மேல்சாதிப் பெண்ணின் சேலையைக் கட்டிக்கொண்டு, விரும்பப்படும் ஒருத்தியாகத் திரையில் தோன்றியபோதுதான் கல் வந்தது. அந்தக் கல் பிற்காலத்தில் வேறு வேறு வடிவம் எடுத்தது. மணியின் வாழ்க்கை முழுவதும் அது பறந்துகொண்டிருந்தது.

2. சேனத்துநாட்டிலிருந்து கலாபவனுக்கு

மணி 1971 ஜனவரி 1 அன்று திருச்சூர் மாவட்டம் சாலக்குடிக்கு அருகில் சேனத்துநாட்டில் பிறந்தார். தந்தை ராமன் விவசாயக் கூலி. தாய் அம்மிணி. பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. தென்னை ஏறினார், கிணறு வெட்டினார், சாலக்குடி ஆற்றில் மணல் வாரினார், பின்னர் ஆட்டோ ஓட்டினார். பள்ளிக் காலத்தில் ஓரங்க நடிப்பிலும் குரல் போலச் செய்வதிலும் தேர்ந்து பரிசுகள் வாங்கினார்.

கொச்சியில் ஆபேல் பாதிரியார் 1969இல் தொடங்கிய கலாபவன் என்ற அமைப்பு, 1981இல் 'மிமிக்ஸ் பரேட்' என்ற நிகழ்ச்சியை மேடையேற்றியது. ஒருவர் தனியாக நின்று நடிகர்களின் குரலில் பேசுவதை மாற்றி, ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு முழு நிகழ்ச்சியாக நடத்தினார்கள். கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், ஓணக் கொண்டாட்டம் என்று கேரளம் முழுவதும் அது பரவியது. ஜெயராம், இயக்குநர்கள் சித்திக் - லால் என்று ஒரு தலைமுறையே அங்கிருந்து சினிமாவுக்குப் போனது. தனியார் தொலைக்காட்சிகள் வந்த 1990களில் அந்தச் சிரிப்பு அப்படியே வீட்டுக்குள் நுழைந்தது. மணி அந்தக் கலாபவனில் சேர்ந்தார்.

மிமிக்ரி ஏழைப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த கதவு. பாட்டு வாத்தியாருக்குத் தட்சணை வைக்க வேண்டியதில்லை, நட்டுவனார் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. தொண்டையும் முகமும் போதும். ஆனால் அந்த மேடையின் சிரிப்பில் பாதி கறுப்பான, குட்டையான, பல் எடுப்பான, திக்கிப் பேசுகிற உடல்களை வைத்தே உண்டாக்கப்பட்டது. உள்ளே போகிறவன் தன்னையே கேலிப்பொருளாகக் கொடுத்துத்தான் நுழைவுச்சீட்டு வாங்கவேண்டும். மணியும் அந்த விலையைக் கொடுத்தார்.

அவருடைய பெயரைக் கவனிப்போம். மலையாளத் திரையின் டைட்டில் கார்டில் நாயர், மேனன், வர்மா, பிள்ளை, நம்பூதிரி என்று பெயருக்குப் பின்னால் சாதி வருவது நெடுநாள் வழக்கம். மணியின் பெயருக்கு முன்னால் கலாபவன் வந்தது. அங்கே பயின்ற பலரும் அப்படி வைத்துக்கொண்டார்கள்தான். ஆனால் குடும்பப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிகிற ஒரு சமூகத்தில், கற்ற இடத்தின் பெயரை முன்னொட்டாகச் சேர்ப்பது மணி போன்றவர்களுக்கு வேறு பொருள் தந்தது. எங்கே பிறந்தாய் என்ற கேள்விக்கு, எங்கே கற்றேன் என்று பதில் சொல்வது அது. தமிழ்நாட்டில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைக் கைவிடச் சொன்னது. நாம் பெயரிலிருந்து சாதியை எடுத்தோம், தெருவிலிருந்து எடுக்க முடியவில்லை. ஆகவே மலையாளிகளைப் பார்த்து நாம் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

3. திரையில் கிடைத்த இடங்கள்

சிபி மலயில் இயக்கிய 'அக்ஷரம்' (1995) படத்தில் மணிக்குக் கிடைத்தது ஆட்டோ ஓட்டுநர் வேடம். வாழ்க்கையில் ஓட்டியதையே திரையிலும் ஓட்டினார். லோகிததாஸ் எழுதி சுந்தர்தாஸ் இயக்கிய 'சல்லாபம்' (1996) அவரைக் கவனிக்க வைத்தது. அதில் கள் இறக்கும் தொழிலாளி. அந்தச் சிரிப்பு, தொண்டையிலிருந்து கிளம்பி வெடிக்கும் சிரிப்பு, அதன் பிறகு அவருடைய அடையாளமாயிற்று.

வினயன் இயக்கிய 'வாசந்தியும் லக்ஷ்மியும் பின்னே ஞானும்' 1999இல் வந்தது. பார்வையற்ற பாடகன் ராமுவாக மணி நடித்தார். அதுவரை நாயகனின் பக்கத்தில் நின்று சிரித்தவர் நாயகனாக நின்று அழுதார். தேசிய விருதுகளில் சிறப்புக் குறிப்பும், மாநில அரசின் நடுவர் குழு சிறப்பு விருதும் கிடைத்தன. சிறந்த நடிகர் விருது 'வானப்பிரஸ்தம்' படத்துக்காக மோகன்லாலுக்குப் போனது. செய்தி கேட்டு மணி மயங்கி விழுந்தார். கேரளம் அதைச் சிரிப்பாகவே நினைவு வைத்துக்கொண்டது. மிமிக்ரி மேடைகளில் அது ஒரு துணுக்காயிற்று.

விருது கிடைக்காமல் ஒருவர் மயங்கி விழுவது சிறுபிள்ளைத்தனம் என்று வசதியாக இருப்பவர்கள் சொல்லலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. 'வானப்பிரஸ்தம்' மகத்தான நடிப்பு, அதில் நமக்கு மறுப்பு இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் 'சிறப்பு' என்ற சொல்லோடு ஓரத்து நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். சிறப்புத் தேர்வு, சிறப்பு உட்கூறு, சிறப்புக் குறிப்பு. முதல் நாற்காலி வேறொருவருக்கு.

மணிக்கு ஜோடியாக நடிக்க நடிகைகள் தயங்கினார்கள் என்பது மலையாளத் திரையுலகில் வெளிப்படையாகவே பேசப்பட்ட செய்தி. நிறம் என்றார்கள். ரோசியின் கூந்தலில் இருந்த பூவை ஒரு நாயகன் முத்தமிடக் கூடாது என்று 1930இல் சொன்ன பார்வையாளர்களும், மணியின் பக்கத்தில் ஒரு நாயகி நிற்கக் கூடாது என்று 2000இல் சொன்ன தொழில்துறையும் ஒரே விதியைத்தான் காவல் காத்தார்கள். தாழ்த்தப்பட்ட உடல் திரையில் வேலை செய்யலாம், அடி வாங்கலாம், சிரிக்க வைக்கலாம். காதலிக்கப்படக் கூடாது. 'கருமாடிக்குட்டன்' (2001) போன்ற படங்களில் அவர் நாயகன்தான். ஆனால் அந்த நாயகன் பார்வையற்றவனாகவோ மந்தபுத்திக்காரனாகவோ இருக்கவேண்டியிருந்தது. காதலுக்கு இரக்கம் என்ற அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது.

அந்த நேரத்தில்தான் தமிழ் அழைத்தது. 'ஜெமினி'க்காகத் தமிழில் சிறந்த வில்லனுக்கான பிலிம்பேர் விருது பெற்றார். அதன் தெலுங்கு வடிவத்திலும் அவரே வில்லன். பிறகு தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று ஓய்வில்லாமல் நடித்தார். 'எந்திரன்' (2010) படத்தில் நாயகியை வழிமறித்துச் சீண்டும் பச்சைமுத்து. 'பாபநாசம்' (2015) படத்தில் ஒரு குடும்பத்தின் சின்னப் பெண்ணைக்கூட விடாமல் அடிக்கும் கான்ஸ்டபிள் பெருமாள். மலையாள மூலமான 'த்ருஷ்யம்' படத்தில் அதே வேடத்தைச் செய்தவர் இன்னொரு கலாபவன்காரர், ஷாஜோன்.

தமிழ்த் திரை மணிக்குப் பணமும் புகழும் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் அவரை விலங்காகவும் பொறுக்கியாகவும் அடியாளாகவும்தான் பார்த்தது. மலையாளத்தில் அழ முடிந்த மனிதர் இங்கே உறும மட்டுமே அனுமதிக்கப்பட்டார். கேரளத்தைக் குற்றம் சொல்லும் முன் நம்முடைய ரசனையையும் நாம் கணக்கில் எடுக்கவேண்டும். அந்த உறுமலுக்குத்தான் விடுதியில் நாங்கள் கைதட்டினோம்.

4. கைலி கட்டிய பாட்டு

மணியைச் சினிமா வழியாக மட்டும் பார்த்தால் கதை இங்கே முடிந்துவிடும். அவரை மக்கள் நெஞ்சில் வைத்தது பாட்டு.

ஒலிநாடாக்களின் காலத்தில் அவர் நாடன் பாட்டுகளைப் பாடி வெளியிடத் தொடங்கினார். பேருந்திலும் ஆட்டோவிலும் கள்ளுக்கடையிலும் கல்யாண வீட்டிலும் அவை ஒலித்தன. மேடையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூட்டத்தைக் கூடப் பாடவைத்தார். பசி, வீட்டுச் சண்டை, சந்தையில் மீன் விற்கும் பெண், கூலி வேலை, கள் என்று அந்தப் பாட்டுகளின் உலகம் அவருடைய சேனத்துநாடுதான். இரட்டை அர்த்தமும் பெண்களைக் கேலி செய்யும் வரிகளும் அவற்றில் உண்டு. அதை மறைக்கவேண்டியதில்லை. நம் கானாவிலும் அது உண்டு, அதையும் நாம் விமர்சித்துக்கொண்டே கேட்கிறோம்.

இதில் மறக்கக்கூடாத பெயர் ஆறுமுகன் வெங்கிடங்கு. மணி பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளில் பல அவர் எழுதியவை. நாடன் பாட்டு என்றதும் அது யாரோ எப்போதோ பாடியது, ஊர்ச்சொத்து, ஆசிரியர் இல்லாதது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி நினைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. கீர்த்தனைக்கு முத்திரை உண்டு, ராகத்துக்கு உரிமையாளர் உண்டு. உழைக்கும் சாதிகளின் பாட்டுக்கு மட்டும் பெயரும் கிடையாது, கூலியும் கிடையாது. அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார் என்று தெரிவதே ஒரு திருத்தம்.

கேரளத்தில் நாடன் பாட்டை அரசியல் உணர்வோடு மேடையேற்றிய சி. ஜே. குட்டப்பன் போன்ற கலைஞர்கள் இருந்தார்கள். மணியின் பாதை வேறு. அவர் சந்தைக்குள் கொண்டுபோனார். மேடைகளில் அவர் அதிகம் பேசியது பசியைப் பற்றி. சாதி என்று சொல்லவேண்டிய இடத்தில் அவர் பசி என்று சொன்னார் என்பது நம் வாசிப்பு. அது போதாது என்று நம்மில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் கைதட்டும் கூட்டத்தின் முன்னால், தன் சம்பளத்தைத் தீர்மானிப்பவர்களின் முன்னால், ஒரு தலித் நடிகர் எந்தச் சொல்லை எடுக்க முடியும் என்பதையும் சேர்த்தே நாம் யோசிக்கவேண்டும். பணமும் பேரும் வந்த பிறகும் அவர் சாலக்குடியை விட்டுக் கொச்சிக்குக் குடிபோகவில்லை. ஊர்க்காரர்கள் வீடு தேடி வந்து உதவி கேட்டார்கள், செய்தார்.

5. மரணமும் மிச்சமும்

2016 மார்ச் 6 அன்று மணி கொச்சியில் மருத்துவமனையில் இறந்தார். வயது 45. சாலக்குடி ஆற்றங்கரையில் 'பாடி' என்று அழைக்கப்பட்ட தன் ஓய்விடத்தில் முந்தைய நாள் நிலைகுலைந்து விழுந்திருந்தார். மதுவும் கல்லீரல் நோயும் காரணம் என்றார்கள். உடலில் மெத்தில் ஆல்கஹால் இருந்ததால் குடும்பம் சந்தேகம் எழுப்பியது. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி வழக்கு சிபிஐக்குப் போனது. கொலை இல்லை, கல்லீரல் நோயே காரணம் என்று சிபிஐ முடித்தது. இறுதி ஊர்வலத்துக்கு வந்த கூட்டத்தில் சாலக்குடி நிலைகொள்ளாமல் போனது.

அதற்கு இரண்டு மாதங்கள் கழித்து ராஜீவ் ரவியின் 'கம்மட்டிப்பாடம்' வெளிவந்தது. கொச்சி நகரம் வளர்ந்ததற்காக நிலத்தையும் உயிரையும் இழந்த தலித் மக்களின் கதை. அதில் கங்காவாக நடித்த விநாயகனுக்கு 2016ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான கேரள அரசு விருது கிடைத்தது. விருது அறிவிக்கப்பட்ட 2017 மார்ச்சில் மணி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. 1999இல் மணிக்குக் கிடைக்காத முதல் நாற்காலியில் பதினேழு ஆண்டுகள் கழித்து ஒருவர் உட்கார்ந்தார். அதே விநாயகனைத் தமிழில் நாம் 'திமிரு' முதல் 'ஜெயிலர்' வரை எப்படிப் பார்த்தோம் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

மணியின் தம்பி ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணன் மோகினியாட்டக் கலைஞர், அதில் முனைவர் பட்டம் பெற்றவர். 2020இல் மாநில அகாதமி ஒன்றின் நிகழ்ச்சியில் ஆட வாய்ப்பு மறுக்கப்பட்டது, சாதியும் பாலினமும் காரணம் என்று குற்றம் சாட்டினார். உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 2024 மார்ச்சில் மூத்த நடனக் கலைஞர் ஒருவர், காக்கை நிறத்தில் இருப்பவர்கள் மோகினியாட்டம் ஆடக்கூடாது என்ற பொருளில் பேசினார். யாரைச் சொன்னார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. இம்முறை கேரளம் சும்மா இருக்கவில்லை. சில நாட்களிலேயே கேரள கலாமண்டலத்தின் மேடையில் ராமகிருஷ்ணன் ஆடினார். 2025இல் அதே கலாமண்டலத்தில் பரதநாட்டிய உதவிப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

அண்ணன் மிமிக்ரி வழியாக நுழைந்தார். தன்னைக் கேலிக்குக் கொடுத்து நுழைந்தார். தம்பி சாஸ்திரிய நடனத்தின் வாசலில் நின்று, படித்து, பட்டம் வாங்கி, அவமானப்பட்டு, வழக்குப் போட்டு, நுழைந்தார். ரோசிக்கு அந்த வாசலே இருக்கவில்லை, லாரிதான் கிடைத்தது. இதை வளர்ச்சி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கல் எறிந்த 1930க்கும் காக்கை என்று சொன்ன 2024க்கும் இடையே எறிபவர்களின் குறி மாறவில்லை. மாறியிருப்பது, எறிந்ததும் எதிர்த்துக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பது. அந்த ஆட்கள் தாமாக வரவில்லை. ரோசியின் பெயரைத் தேடி எடுத்தவர்களும், மணியின் சிரிப்புக்குப் பின்னால் இருந்ததை எழுதியவர்களும், இதுபோன்ற சின்னச் சின்ன அரங்குகளில் பேசியவர்களும் உண்டாக்கியது அது.

தோழர்களே, முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ரோசியின் பெயரால் திரைப்பட விழா நடத்துகிறது. நாகர்கோவிலில் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தவர் தமிழ்நாட்டிலேயே தன் பெயரைத் திரும்பப் பெற்றிருக்கிறார். அதுபோல நம் ஊர்களிலும் வேலை இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரனாக நின்றவர், துக்க வீட்டில் பாடியவர், சினிமாவில் அடியாளாக ஒரு காட்சியில் வந்துபோனவர் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் கூடும்போது ஒவ்வொருவரும் அப்படி ஒருவரின் முழுப்பெயரையும், பிறந்த ஊரையும், அவர் செய்த வேலையையும் எழுதிக்கொண்டு வரவேண்டும். நாலு பக்கம் போதும்.

நாங்கள் எழுதப்போவது விடுதித் தோழனைப் பற்றி. சென்ற ஆண்டு அவனைத் தேடிப் பிடித்தோம். இப்போது ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியர். இருபது ஆண்டுகளுக்கு முன் வைத்த பெயருக்காக மன்னிப்புக் கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மணி செத்த அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலடா. ஏன்னு வீட்ல கேட்டாங்க, சொல்லத் தெரியல" என்றான்.

அவனுடைய சொந்தப் பெயரை அடுத்த ஆண்டு, அவன் அனுமதியோடு, இந்த மேடையில் வாசிப்போம்.